வர்ஜீனியா பேலட்ல லெப்டினன்ட் கவர்னர் தனி லைனா இருக்கு, யாருக்கு போடறது, எதை வச்சு முடிவு பண்றது?

லவுடன்_புதுசு (அக்டோபர் 2025)

வணக்கம் மக்களே. சிட்டிசன் ஆனப்புறம் இதுதான் எனக்கு முதல் ஓட்டு. ஏர்லி வோட்டிங் செப்டம்பர் 19-லயே ஆரம்பிச்சாச்சு, நான்தான் இன்னும் போகாம இழுத்துட்டு இருக்கேன். சாம்பிள் பேலட் எடுத்து பார்த்தா முதல்ல கவர்னர், ஸ்பான்பெர்கரா (டெமாக்ரட்) வின்சம் ஏர்ல்-சியர்ஸான்னு (ரிபப்ளிகன்), அது ஓகே, டிவில யூடியூப்ல எங்க பார்த்தாலும் அந்த விளம்பரம்தான், முடிவு பண்ணிட்டேன். அதுக்கு அடுத்த லைன் லெப்டினன்ட் கவர்னர், சுருக்கமா எல்ஜி. கஸாலா ஹாஷ்மி (டெமாக்ரட்), ஜான் ரீட் (ரிபப்ளிகன்). அப்புறம் அட்டர்னி ஜெனரல், அப்புறம் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் (ஸ்டேட்டோட கீழ்சபை).

என் குழப்பம் என்னன்னா, பிரசிடென்ட்டுக்கு போட்டா வைஸ் பிரசிடென்ட் கூடவே வந்துடறாரு இல்லையா, அந்த மாதிரி இதுவும் கவர்னரோட ஒட்டிட்டு வரும்னு நினைச்சேன், இங்க தனியா கேக்கறாங்க. அப்போ கவர்னர் ஒரு கட்சி, எல்ஜி இன்னொரு கட்சின்னு கூட வரலாமா? வந்தா என்ன ஆகும்? நம்ம ஊர்ல எல்ஜின்னா பாண்டிச்சேரில சிஎம்மோட மல்லுக்கு நிக்கறவர்னுதான் மனசுல பதிஞ்சிருக்கு, இவங்க அப்படியா? உண்மையிலேயே ஏதாவது வேலை இருக்கா, இல்ல ரிப்பன் வெட்டற போஸ்டா? கேண்டிடேட் ரெண்டு பேரை பத்தியும் தெரிஞ்சவங்க சொல்லுங்க. போன வாரம் கார் டாக்ஸ் கட்டிட்டு நொந்து போய் இருக்கேன், அதை எடுக்கறேன்னு யார் சொன்னாலும் ஓட்டு போட்டுடுவேன் போல இருக்கு 😀

---

ரிச்மண்ட்_ராயர்

முதல் ஓட்டுக்கு வாழ்த்துக்கள் ப்ரோ. பாண்டிச்சேரியை மறந்துடுங்க, அது டெல்லில இருந்து நியமனம் பண்ற போஸ்ட், இது ஜனங்க ஓட்டு போட்டு வர்ற போஸ்ட்.

வர்ஜீனியால கவர்னர், எல்ஜி, அட்டர்னி ஜெனரல் மூணும் தனித்தனி தேர்தல். ஆமா, வேற வேற கட்சி வரலாம், நிறைய தடவை வந்திருக்கு. வந்தா ஒண்ணும் குடி முழுகிடாது, ஏன்னா கவர்னரோட அன்றாட நிர்வாகத்துல எல்ஜிக்கு கையே கிடையாது. அவருக்கு எழுதி வச்ச வேலை ரெண்டே ரெண்டு. ஒண்ணு, ஸ்டேட் செனட்டுக்கு தலைமை தாங்கி உக்கார்றது, ஓட்டு சமமா வந்தா உடைக்கற ஓட்டு போடறது. ரெண்டாவது, கவர்னர் செத்தாலோ ராஜினாமா பண்ணாலோ அந்த நாற்காலிக்கு வர்றது. சம்பளம் வருஷத்துக்கு 36,321 டாலர், கவர்னருக்கு 1,75,000. பார்ட் டைம் வேலைன்னுதான் கணக்கு. செஷன் நடக்கறதே ஜனவரில ஆரம்பிச்சு ஒரு வருஷம் 60 நாள், அடுத்த வருஷம் 46 நாள் மாதிரி.

இதை கேட்டுட்டு "ஓ ரிப்பன் போஸ்ட்தான்"னு முடிவு பண்ணிடாதீங்க. செனட்ல மொத்தம் 40 சீட், இரட்டைப்படை, அதுலதான் விஷயமே இருக்கு. இப்போ டெமாக்ரட் 21, ரிபப்ளிகன் 19. ஒரே ஒருத்தர் அந்தப்பக்கம் சாய்ஞ்சா 20-20, உடனே எல்ஜி கையில முடிவு. 2022-ல இதே 21-19 தான், எல்ஜி ரிபப்ளிகன் சியர்ஸ், டெமாக்ரட் பக்கம் ஜோ மோரிஸ்ஸின்னு ஒருத்தர் அபார்ஷன் விஷயத்துல கட்சியோட ஒத்துப்போகாதவர். அவர் ஒருத்தர் மாறினா சியர்ஸ் ஓட்டுல பில் பாஸ் ஆயிடும்னு ரிச்மண்ட்ல எல்லாரும் அவர் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தாங்க. 2023 ஜனவரி ஸ்பெஷல் எலெக்‌ஷன்ல வர்ஜீனியா பீச் பக்கம் ஆரன் ரௌஸ் ஜெயிச்சு 22-18 ஆனதும்தான் அந்த டென்ஷன் அடங்குச்சு. அதே ரௌஸ்தான் இந்த வருஷம் எல்ஜி பிரைமரில (கட்சிக்கு கேண்டிடேட் யாருன்னு முடிவு பண்ற தேர்தல்) நின்னு தோத்தாரு, அதுக்கு அப்புறம் வரேன்.

இன்னும் பழைய கதை ஒண்ணு. 2012-ல செனட் 20-20. எல்ஜி பில் போலிங், ரிபப்ளிகன். அவர் ஓட்டை வச்சு கமிட்டி எல்லாத்தையும் ரிபப்ளிகன் கட்சி பிடிச்சுக்கிச்சு. 2014-ல ரால்ஃப் நார்தம் எல்ஜி ஆனாரு, அவர் காலி பண்ண செனட் சீட்டுக்கு நடந்த தேர்தல்ல டெமாக்ரட் ஏறக்குறைய பத்து ஓட்டுல ஜெயிச்சு, மறுபடி 20-20, இப்போ எல்ஜி டெமாக்ரட், அப்படியே கமிட்டி எல்லாம் கை மாறிடுச்சு. சில மாசத்துல ஒரு டெமாக்ரட் செனட்டர் ராஜினாமா பண்ணிட்டு போக, திரும்ப ரிபப்ளிகன் கைக்கு. ஒரே வருஷத்துல!

இப்போ உங்க கார் டாக்ஸ். இதுல எல்ஜியை நம்பி பிரயோஜனம் இல்ல ப்ரோ. புது வரி, பட்ஜெட், அரசியல் சட்டத் திருத்தம் இதுக்கெல்லாம் செனட்ல தேர்ந்தெடுக்கப்பட்ட மெம்பர்ல பாதிக்கு மேல வேணும், அதாவது 21 ஓட்டு, எல்ஜி மெம்பர் இல்ல, அவர் ஓட்டு கணக்குல சேராது. 2012-ல பட்ஜெட் சிக்கிக்கிட்டப்போ போலிங்கே "நான் இதுல ஓட்டு போட முடியாது"ன்னு ஒதுங்கிட்டாரு. கார் டாக்ஸ் கவுண்டி வாங்கற வரி, அதை எடுத்தா கவுண்டிக்கு ஸ்டேட் காசு கொடுக்கணும், அது பட்ஜெட்ல வரணும், அவ்ளோதான்.

---

ப்ளேனோ_பாண்டி

நான் டெக்சாஸ், உங்க எலெக்‌ஷன்ல எனக்கு ஓட்டு இல்ல, ஆனா இந்த டாபிக் பார்த்ததும் கை அரிக்குது 😅

பேர் ஒண்ணா இருக்குன்னு எல்லா ஸ்டேட்லயும் ஒரே பவர்னு நினைக்காதீங்க. எங்க ஊர்ல கவர்னரை விட எல்ஜிதான் பெரிய ஆள்னு சொல்றவங்க உண்டு. டான் பேட்ரிக், 2015-ல இருந்து அவர்தான். செனட்ல 31 பேர், எந்த கமிட்டில யார் இருக்கணும், சேர்மன் யாரு, எந்த பில் எந்த கமிட்டிக்கு போகணும், எது ஃப்ளோருக்கு வரணும், எல்லாம் அவர் கையில. அவருக்கு பிடிக்காத பில் செத்துப்போகறதுக்கு யாரும் எதிர்த்து ஓட்டு போட வேண்டியதே இல்ல, அது ஓட்டுக்கே வராது. முன்னாடி ஒரு பில்லை எடுக்க மூணுல ரெண்டு பங்கு செனட்டர் வேணும்னு வழக்கம், அப்போ மைனாரிட்டி கட்சிக்கு ஒரு பிடி இருந்துச்சு. அவர் வந்ததும் அதை 19-ஆ குறைச்சாங்க, 2021-ல இன்னும் குறைச்சு 18. எல்லாம் தன் கட்சி எண்ணிக்கைக்கு தோதா. 2023-ல அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் மேல இம்பீச்மெண்ட் விசாரணை நடந்தப்போ ஜட்ஜ் மாதிரி உக்கார்ந்ததும் இவர்தான்.

இவ்ளோ பவருக்கு சம்பளம் எவ்வளவு தெரியுமா, மாசம் 600 டாலர். வருஷத்துக்கு 7,200. இங்க டேகேர் ஃபீஸுக்கு கூட காணாது.

தனி தேர்தல்தான் இங்கயும். 2018-ல மைக் காலியர்னு ஒரு அக்கவுண்டன்ட், டெமாக்ரட், பெருசா பேர் தெரியாத ஆளு, பேட்ரிக்கோட நின்னு அஞ்சு பாயிண்டுக்குள்ள கொண்டு வந்தாரு. அதே நாள் அதே பேலட்ல கவர்னர் ஆபட் 13 பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சாரு. அப்போ லட்சக்கணக்குல ஜனங்க மேல ஒரு கட்சி கீழ ஒரு கட்சின்னு போட்டிருக்காங்க. இங்க பாப் புல்லக்னு டெமாக்ரட் எல்ஜியும் அப்போ கவர்னரா இருந்த ரிபப்ளிகன் ஜார்ஜ் புஷ்ஷும் தொண்ணூறுகள்ல சேர்ந்து நல்லாவே ஓட்டினாங்கன்னு பழைய ஆளுங்க இன்னிக்கும் சொல்வாங்க.

---

ஃபேர்ஃபாக்ஸ்_மீனா

நான் இங்க எலெக்‌ஷன் ஆபீசரா வேலை பார்த்திருக்கேன் (பூத்ல உக்கார்ந்து பேர் செக் பண்ணி பேலட் கொடுக்கற வேலைதான், பெரிய பதவின்னு நினைச்சிடாதீங்க). பேலட்டை மெஷின்கிட்ட எடுத்துட்டு வர்றப்போ சிலர் அட்டைல மூடாம வருவாங்க, பார்க்கக்கூடாதுன்னு தலையை திருப்பிக்கணும், ஆனா கண்ணுல பட்டுடும். முதல் ஓவலை நல்லா கருப்பா அடிச்சிருப்பாங்க, அதுக்கு கீழ எல்லாம் வெள்ளையா இருக்கும். கவர்னருக்கு மட்டும் போட்டுட்டு கிளம்பிடறது. கேட்டா "கீழ இருக்கறவங்க யாருன்னே தெரியாதுங்க"ன்னு சிரிப்பாங்க. காலியா விட்டா பேலட் செல்லாம போகாது, மத்த ஓட்டு எண்ணிடுவாங்க, அதனால தெரியலைன்னா விடறதுல தப்பில்ல, ஆனா தெரிஞ்சுக்க முயற்சி பண்ற தம்பியை பார்த்தா சந்தோஷமா இருக்கு.

ஒரே ஒரு டிப்ஸ், ஒரு கட்சிக்கு மொத்தமா ஒரே அடில போடற வசதி இங்க கிடையாது, ஒவ்வொரு லைனும் தனித்தனியா அடிக்கணும். பேருக்கு பக்கத்துல கட்சி போட்டிருக்கும். பின்பக்கத்தையும் திருப்பி பாருங்க, சில கவுண்டில பாண்ட் கேள்வி (கவுண்டி கடன் வாங்கலாமான்னு கேக்கறது) அங்கதான் இருக்கும்.

ராயர் அண்ணா, கேண்டிடேட் பத்தி வரேன்னு சொல்லிட்டு கார் டாக்ஸ்ல போய் நின்னுட்டீங்களே.

---

ரிச்மண்ட்_ராயர்

வரேன் மீனா வரேன், ஆபீஸ் மீட்டிங்.

கஸாலா ஹாஷ்மி: 1964-ல ஹைதராபாத்ல பிறந்து சின்னக் குழந்தையா ஜார்ஜியாவுக்கு வந்தவங்க. அமெரிக்கன் லிட்டரேச்சர்ல எமரி யூனிவர்சிட்டி பிஎச்டி, ரிச்மண்ட் பக்கம் கம்யூனிட்டி காலேஜ்ல ரொம்ப வருஷம் வேலை. 2019-ல முதல் தடவை தேர்தல்ல நின்னு, பதவில இருந்த ரிபப்ளிகன் செனட்டரையே தோக்கடிச்சு வந்தாங்க, வர்ஜீனியா செனட்டுக்கு வந்த முதல் முஸ்லிம். இப்போ செனட்ல எஜுகேஷன் அண்ட் ஹெல்த் கமிட்டி சேர் அவங்கதான். கர்ப்பத்தடை உரிமைக்கு பில் கொண்டு வந்தாங்க, கவர்னர் யங்கின் வீட்டோ பண்ணிட்டாரு. பிரச்சாரமும் பப்ளிக் ஸ்கூல், ஹெல்த் கேர், அபார்ஷன் உரிமை இதைச் சுத்திதான்.

ஜூன் 17 பிரைமரில ஆறு பேர். ரிச்மண்ட் மாஜி மேயர் லெவார் ஸ்டோனி, நான் சொன்ன ஆரன் ரௌஸ் (என்எஃப்எல்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினவர்), ஃபேர்ஃபாக்ஸ் பக்கத்துல இருந்து ப்ரின்ஸ் வில்லியம் ஸ்கூல் போர்டு சேர் பாபர் லத்தீஃப், இன்னும் ரெண்டு பேர். முதல் மூணு பேரும் 26, 27 சதவீதத்துல ஒட்டிக்கிட்டு வந்தாங்க, ஹாஷ்மி 28 கூட தொடல, அதுலயே ஜெயிச்சாச்சு. வர்ஜீனியால ரன்ஆஃப் (முதல் ரெண்டு பேருக்கு மறு தேர்தல்) கிடையாது, அதிக ஓட்டு வாங்கினவர் கேண்டிடேட், முடிஞ்சது. பணமும் பேரும் இருந்த ஸ்டோனி தோத்ததுக்கு என் அபிப்பிராயம், ஜனவரில ரிச்மண்ட் ஊருக்கே தண்ணி வராம போச்சே அதுதான். அவர் மேயர் பதவில இருந்து இறங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்துச்சு, ஆனா கொதிக்க வச்சு குடிச்ச எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா.

ஜான் ரீட்: ரிச்மண்ட் ரேடியோல காலை டாக் ஷோ பண்ணினவர், அதுக்கு முன்னாடி டிவி நியூஸ். அப்பா பழைய டெலிகேட். தேர்தல்ல நின்ன அனுபவம் இல்ல. ரிபப்ளிகன் பக்கம் பேட் ஹெரிட்டின்னு ஃபேர்ஃபாக்ஸ் சூப்பர்வைசர் போட்டில இருந்தாரு, உடம்பு சரியில்லன்னு ஏப்ரல்ல விலகிட்டாரு, ரீட் பிரைமரியே இல்லாம கேண்டிடேட் ஆயிட்டாரு. அடுத்த சில நாள்லயே ஏதோ ஒரு சோஷியல் மீடியா அக்கவுண்ட்ல ஆபாசப் படம்னு ஒரு பிரச்சனை, கவர்னர் யங்கினே போன் பண்ணி விலகச் சொன்னாரு, ரீட் "அது என் அக்கவுண்டே இல்ல, விலக மாட்டேன்"னுட்டாரு. வர்ஜீனியால ஸ்டேட் முழுக்க நிக்கற முதல் வெளிப்படையான கே (தன்பால் ஈர்ப்பு) கேண்டிடேட் அவர், அதனாலதான் குறி வைக்கறாங்கன்னு சொன்னாரு. சொந்தக் கட்சி கவர்னரே கை விட்டும் நின்னு காட்டினாரேன்னு ஒரு மரியாதை எனக்கு உண்டு, ஓட்டு வேற விஷயம்.

---

மனாசஸ்_மணி

ராயர் சார் நல்லா சொன்னீங்க, ஆனா ரீட் என்ன சொல்றாருன்னு ஒரு வரி கூட இல்லையே. நான் அவருக்குத்தான் போடப்போறேன், காரணம் சொல்றேன். ஹவுஸ், செனட் ரெண்டும் டெமாக்ரட் கையில இருக்கு, கவர்னரும் அவங்களா வரப்போறாங்க போல இருக்கு, மூணும் ஒரே கட்சின்னா கேக்க ஆளே இல்ல. செனட்ல ஒரு ஓட்டு வித்தியாசம்னு நீங்களே சொல்றீங்க, அங்க நடு நாற்காலில வேற கட்சி ஆள் உக்கார்ந்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் யோசிச்சு பேசுவாங்க. யூனியன்ல சேர்ந்தே ஆகணும்னு கட்டாயப்படுத்தக் கூடாதுங்கற ரைட் டு வொர்க் சட்டம் இருக்கணும்னு சொல்றாரு, சின்ன பிசினஸ் வச்சிருக்கறவன் எனக்கு அது முக்கியம்.

அப்புறம் டிபேட். ஹாஷ்மி ஒரு டிபேட்டுக்கு கூட வரல. நாலு வருஷம் செனட்ல எல்லாரையும் பேச விட்டு கேக்கறதுதான் வேலை, அதுக்கு நிக்கறவங்க மேடைக்கே வரலைன்னா எப்படி? கடைசில ரீட் என்ன பண்ணாருன்னு பார்த்தீங்களா, ஏஐல அவங்க குரல் மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சு அதோட டிபேட் பண்ணாரு, அவங்க பழைய பேச்சுல இருந்து பதில் எடுத்தோம்னு சொல்லி. 😂

---

ஃபேர்ஃபாக்ஸ்_மீனா

டிபேட்டுக்கு வராதது தப்பு, அதுல மாத்துக் கருத்தே இல்ல மணி. ஆனா அந்த ஏஐ கூத்து எனக்கு சிரிப்பா வரல. எதிர்ல நிக்கறவங்க பேர்ல மெஷினை பேச வச்சு, கேள்வியும் நம்மளே பதிலும் நம்மளேன்னா அது டிபேட்டா? இன்னிக்கு லேபிள் ஒட்டி பண்றாங்க, நாளைக்கு லேபிள் இல்லாம வாட்ஸ்அப்ல வரும், நம்ம குரூப்ல இருக்கற மாமாக்கள் அதை ஆயிரம் பேருக்கு ஃபார்வர்ட் பண்ணுவாங்க.

---

சில்வர்ஸ்பிரிங்_செல்வி

பக்கத்து வீட்டுக்காரி மேரிலேண்ட்ல இருந்து எட்டிப் பார்க்கறேன். எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, கவர்னர், எல்ஜி ரெண்டு பேரும் ஒரே ஓவல். 2022-ல வெஸ் மூர் பேருக்கு பக்கத்துல அருணா மில்லர் பேர். அவங்களும் ஹைதராபாத்ல பிறந்தவங்கதான், ஏழு வயசுல வந்து, மான்ட்கமரி கவுண்டில ரோடு போடற இன்ஜினியரா வேலை பார்த்து, அப்புறம் டெலிகேட் ஆனவங்க. ஹாஷ்மி ஜெயிச்சா பொடோமேக் ஆத்துக்கு ரெண்டு கரைலயும் ஹைதராபாத் எல்ஜி 🙂

ஆனா ஜோடியா நிக்கற ஊர்லயும் கூத்து உண்டு. இல்லினாய்ல 2010-ல பிரைமரி மட்டும் தனித்தனி, ஜெனரல்ல ஜோடி. ஸ்காட் லீ கோஹன்னு அடகுக்கடைக்காரர் ஒருத்தர் சொந்தக் காசை கொட்டி எல்ஜி நாமினேஷன் ஜெயிச்சுட்டாரு, ஜெயிச்சப்புறம்தான் பத்திரிகைக்காரங்க அவர் மேல இருந்த பழைய கேஸை எல்லாம் கிளறினாங்க. கவர்னர் க்வின்னுக்கு தலையில இடி, இவரோட ஒரே சீட்ல நிக்கணுமே. சூப்பர் பௌல் அன்னிக்கு ஒரு பார்ல உக்கார்ந்து அழுதுட்டே விலகறேன்னாரு கோஹன். அதுக்கப்புறம் பிரைமரிலயே ஜோடியா நிக்கணும்னு சட்டத்தை மாத்திட்டாங்க.

2024-ல இண்டியானால, கவர்னர் கேண்டிடேட் மைக் பிரான் தனக்கு பிடிச்ச ஒரு அம்மாவை எல்ஜிக்கு சொன்னாரு, கட்சி மாநாட்டுல டெலிகேட்ஸ் அதை ஒதுக்கிட்டு மைக்கா பெக்வித்னு ஒரு பாஸ்டரை தேர்ந்தெடுத்துட்டாங்க. பிடிக்குதோ இல்லையோ அவரோடதான் குடித்தனம்.

---

ப்ளேனோ_பாண்டி

குடித்தனம்னதும் நார்த் கரோலினா ஞாபகம் வருது. அப்போ கவர்னர் ராய் கூப்பர் டெமாக்ரட், எல்ஜி மார்க் ராபின்சன் ரிபப்ளிகன், தனித்தனி தேர்தல். அங்க சட்டப்படி கவர்னர் ஸ்டேட்டை விட்டு வெளிய போனா எல்ஜி ஆக்டிங் கவர்னர். 2024-ல கமலா ஹாரிஸ் வைஸ் பிரசிடென்ட் லிஸ்ட்ல கூப்பர் பேர் இருந்துச்சு, வேணாம்னு விலகினதுக்கு அவர் சொன்ன காரணத்துல ஒண்ணு, நான் ஊர் ஊரா பிரச்சாரத்துக்கு போனா ராபின்சன் இங்க என்ன பண்ணுவாரோங்கறது.

ஐடஹோல ரெண்டு பேரும் ஒரே கட்சியா இருந்தும் 2021-ல கவர்னர் வெளியூர் போன நேரத்துல எல்ஜி ஜேனிஸ் மெக்கீச்சின் மாஸ்க் கட்டாயம் கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்க. அவர் திரும்பி வந்ததும் ரத்து.

---

லவுடன்_புதுசு

அடேங்கப்பா, ஒரு சின்னக் கேள்வி கேட்டேன், பாடமே நடத்திட்டீங்க, எல்லாருக்கும் நன்றி. ஒண்ணு கேக்கணும், ராயர் சார், கவர்னர் போயிட்டா எல்ஜி வருவார்னீங்களே, வர்ஜீனியால அப்படி சமீபத்துல நடந்திருக்கா? இல்ல வெறும் காகிதத்துல இருக்கற விதியா?

---

ரிச்மண்ட்_ராயர்

நடக்கல, ஆனா நடந்துடும்னு ஊரே உக்கார்ந்திருந்த ஒரு வாரம் இருக்கு, நான் இங்க வந்தப்புறம் பார்த்ததுலயே அந்த மாதிரி வாரம் கிடையாது.

2019 பிப்ரவரி. கவர்னர் நார்தமோட மெடிக்கல் காலேஜ் இயர்புக்ல அவர் பக்கத்துல, கருப்பினத்தவரை கிண்டல் பண்ற மாதிரி மூஞ்சில கருப்பு பூசின ஒருத்தரும் கேகேகே (வெள்ளை இனவெறிக் கூட்டம்) உடை போட்ட ஒருத்தரும் இருக்கற போட்டோ வெளிய வந்துச்சு. முதல்ல மன்னிப்பு கேட்டாரு, மறுநாள் அது நான் இல்லன்னாரு. எல்லாரும் ராஜினாமா பண்ணுங்கறாங்க. எல்ஜி ஜஸ்டின் ஃபேர்ஃபாக்ஸ் பதவி ஏத்துக்க ரெடின்னு பேச்சு. ரெண்டு மூணு நாள்ல ஃபேர்ஃபாக்ஸ் மேலயே பாலியல் குற்றச்சாட்டு வந்துடுச்சு, அவர் இல்லவே இல்லன்னு மறுத்தாரு. சரி அவருக்கு அடுத்து யாரு, அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங். அவரே முன்வந்து, நானும் காலேஜ் பார்ட்டில மூஞ்சில கருப்பு பூசினேன்னு ஒத்துக்கிட்டாரு. மூணு பேரும் டெமாக்ரட். நாலாவது வரிசை ஹவுஸ் ஸ்பீக்கர் கிர்க் காக்ஸ், ரிபப்ளிகன்.

அந்த காக்ஸ் எப்படி ஸ்பீக்கர் ஆனாரு? 2017 தேர்தல்ல நியூபோர்ட் நியூஸ் தொகுதில ரெண்டு கேண்டிடேட்டுக்கும் 11,608 ஓட்டு, அப்படியே சமம். சட்டப்படி குலுக்கல். பேர் எழுதின சீட்டை பழைய ஃபிலிம் டப்பால போட்டு, ஒரு பீங்கான் கிண்ணத்துல வச்சு குலுக்கி எடுத்தாங்க, ரிபப்ளிகன் பேர் வந்துச்சு, 51-49. அந்தச் சீட்டு மாறி வந்திருந்தா ஹவுஸ் 50-50. ஆக ஒரு கிண்ணத்துல இருந்து எடுத்த சீட்டு கவர்னர் மாளிகை வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு. கடைசில மூணு பேருமே விலகாம டெர்ம் முடிச்சிட்டு போனாங்க, அது வேற.

நியூயார்க்ல நிஜமாவே நடந்துச்சு, 2021-ல கவர்னர் கூமோ ராஜினாமா பண்ணிட்டு போனதும் எல்ஜியா இருந்த ஹோக்குல் கவர்னர், இன்னிக்கு வரை அவங்கதான்.

இங்க இன்னொரு விஷயம், வர்ஜீனியா கவர்னர் தொடர்ந்து ரெண்டாவது தடவை நிக்க முடியாது. அதனால எல்ஜி ஆன நாள்லயே "நாலு வருஷத்துல கவர்னருக்கு நிப்பாரா"ங்கற பேச்சு ஆரம்பிச்சுடும். டக் வைல்டர் எல்ஜியா இருந்து 1989-ல ஏழாயிரம் ஓட்டு கூட வித்தியாசம் இல்லாம கவர்னர் ஆனாரு. டிம் கெய்ன் அப்படித்தான், நார்தம் அப்படித்தான், இப்போ நிக்கற சியர்ஸும் எல்ஜிதான். எல்லாருக்கும் பலிக்கல, டான் பேயர் 1997-ல தோத்தாரு, ஃபேர்ஃபாக்ஸ் 2021 பிரைமரிலயே தோத்தாரு. ஆனாலும் நான் எல்ஜி லைன்ல ஓட்டு போடறப்போ என்னை கேட்டுக்கறது ஒண்ணுதான்: இந்த ஆளை 2029-ல கவர்னரா பார்க்க எனக்கு சம்மதமா? ரிப்பன் வெட்டறதுக்கு யாரா இருந்தா என்ன.

---

மனாசஸ்_மணி

இது நியாயமான கேள்வி. என் பதில் மாறல 😄

---

லவுடன்_புதுசு (நவம்பர் 5)

அப்டேட். லீஸ்பர்க்ல போய் ஏர்லியாவே போட்டுட்டேன், மீனாக்கா சொன்ன மாதிரி எல்லா லைனும் அடிச்சேன், பின்பக்கமும் பார்த்தேன். யாருக்குன்னு சொல்ல மாட்டேன், வீட்டுலயே நானும் என் வைஃபும் எல்ஜி லைன்ல ஒத்துப்போகல.

ரிசல்ட் பார்த்திருப்பீங்க. ஸ்பான்பெர்கர் பெரிய வித்தியாசம், ஹாஷ்மி பத்து பாயிண்டுக்கு மேல, அட்டர்னி ஜெனரலுக்கு நின்ன ஜே ஜோன்ஸ் அதை விடக் கம்மி. மூணு பேரும் ஒரே கட்சி, ஒரே பேலட், மூணுக்கும் வேற வேற மார்ஜின். ஜோன்ஸ் முன்னாடி அனுப்பின வன்முறையான டெக்ஸ்ட் மெசேஜ் வெளிய வந்த விவகாரத்துக்கு அப்புறம் அவருக்கு மட்டும் போடாம விட்டவங்க என் ஆபீஸ்லயே இருக்காங்க.

---

சில்வர்ஸ்பிரிங்_செல்வி

அமெரிக்காலயே ஸ்டேட் லெவல் பதவிக்கு ஜெயிச்ச முதல் முஸ்லிம் பெண் ஹாஷ்மிதான்னு நியூஸ்ல சொல்றாங்க. வாழ்த்துக்கள் வர்ஜீனியா!

---

மனாசஸ்_மணி

ஜெயிச்சவங்களுக்கு வாழ்த்து. ரீட் நேர்ல ஒரு டிபேட் கிடைச்சிருந்தா இன்னும் நெருங்கியிருப்பார்னு இப்பவும் சொல்வேன். ராயர் சார், ஒரு சந்தேகம், இவங்க செனட்டர் சீட் காலி ஆகுதே, அப்போ 21-19 என்ன ஆகும்?

---

ரிச்மண்ட்_ராயர்

20-19 ஆயிடும், அந்த சீட்டுக்கு ஸ்பெஷல் எலெக்‌ஷன் வைக்கணும். ரிச்மண்டும் செஸ்டர்ஃபீல்டும் கலந்த தொகுதி, டெமாக்ரட் கோட்டைதான், அதனால திரும்ப 21 ஆகும்னு நினைக்கறேன். ஆனா ஸ்பெஷல் எலெக்‌ஷனுக்கு ஆள் வர மாட்டாங்க, மொத்த ஓட்டே கொஞ்சம்தான் விழும். அந்தப் பக்கம் இருக்கற நம்மாளுங்க யாராவது இதைப் படிச்சா உங்க தொகுதி நம்பரை எலெக்‌ஷன் டிபார்ட்மெண்ட் சைட்ல அட்ரஸ் போட்டு பார்த்துக்கங்க, 15-ன்னு வந்தா உங்களுக்கு இன்னொரு பேலட் இருக்கு.